அமாவாசையன்று எடுத்த வருகை

அத்தியாயம் ஒன்பது

ஒரு வீட்டில் இரண்டு தலைமையாசிரியர்கள் இருந்து, அந்த இரண்டு பேரும் ஆறு நாளாகப் பேசிக்கொள்ளாமல் இருந்தால், யாருக்கு வேலை அதிகம்? நடுவில் நிற்கிற பெண்ணுக்குத்தான்.

"மதனா, ரசத்துல உப்பு போதுமான்னு உங்கப்பாவைக் கேளு."

"அப்பா, ரசத்துல உப்பு போதுமான்னு அம்மா கேக்கறாங்க."

"போதும்னு சொல்லு."

கேட்டவருக்கும் சொன்னவருக்கும் நடுவே இரண்டடி தூரம். மதனவதிக்குப் பத்தொன்பது வயது. ஆசிரியைப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். அங்கே கற்றுக்கொடுக்காத பொறுமையை எல்லாம் இந்த ஆறு நாளில் வீட்டிலேயே கற்றுக்கொண்டுவிட்டாள்.

சண்டை எதனால் என்று மறந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பாவடித் தெருவின் மேற்குக் கோடியில் நகராட்சி ஆண்கள் நடுநிலைப் பள்ளி, தலைமையாசிரியர் குந்துநாதன். கிழக்குக் கோடியில் பெண்கள் நடுநிலைப் பள்ளி. தலைமையாசிரியை அவர் மனைவி மனோன்மணி. இரண்டு வருஷத்துக்கு முன்னால், மாகறல் போகிற வழியில் நெசவாளர்களுக்காகப் புதுக் குடியிருப்பு ஒன்று கட்டினார்கள். இந்தப் பக்கத்திலிருந்து எண்பது குடும்பங்கள் தறியோடும் பிள்ளைகளோடும் அங்கே குடிபோய்விட்டன. இருநூற்றுப் பத்துப் பையன்கள் இருந்த பள்ளியில் இப்போது நூற்று முப்பத்தெட்டு. நூற்றுத் தொண்ணூறு பெண்கள் இருந்த பள்ளியில் நூற்றுப் பன்னிரண்டு.

"இரண்டு பள்ளி எதற்கு? ஒன்றாக்கிவிடலாம்" என்று மேலிடத்தில் பேச்சுக் கிளம்பியது. எல்லாரும் ஐயோ என்றார்கள். மனோன்மணி மட்டும் ஐயோ என்று சொல்லாமல் இரண்டு மாதம் சாயங்காலத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். தொட்டில் குழந்தை முதற்கொண்டு எண்ணினாள். பிறகு பதினோரு பக்கத்துக்கு ஒரு திட்டம் எழுதினாள். ஒன்றிலிருந்து ஐந்து வரை ஆணும் பெண்ணும் சேர்ந்து அவள் பள்ளியில் படிக்கட்டும். ஆறு, ஏழு, எட்டு மட்டும் பெண்கள் தனியாக இங்கே, பையன்கள் தனியாக அங்கே. எழுபத்தேழாம் வருஷம் வரைக்கும் எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள் என்று கட்டம் போட்டுக் காட்டியிருந்தாள்.

அருமையான திட்டம். அதில் ஒரே ஒரு சங்கடம். எட்டு வகுப்பு உள்ள கணவன் பள்ளி மூன்று வகுப்பாகச் சுருங்கிவிடும். அதைக் கணவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே பள்ளி ஆய்வாளர் யேசுதாஸிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள் மனோன்மணி. இந்த ஒரு விஷயத்தில் நான் அவள் கட்சி இல்லை. சொன்னால் தடுப்பார் என்று பயந்தாளாம். தடுத்திருப்பார்தான். அதற்காகச் சொல்லாமல் இருப்பதா?

"என்ன ஸார், உங்க வீட்டிலேயே எழுதின திட்டம், உங்களுக்கே தெரியாதா?" என்று யேசுதாஸ் ஒரு பிரதியை நீட்டியபோது குந்துநாதன் முகம் எப்படி இருந்தது என்பதைத்தான் போன வாரம் பார்த்தோம்.

யேசுதாஸ் மூன்று மாதத்துக்கு முன்னால் நாகர்கோவில் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். நேர்மையானவர். அவர் சொன்னது இதுதான்: "அம்மா திட்டம் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா ரெண்டு தலைமையாசிரியரும் கையெழுத்துப் போட்டாத்தான் மேலே அனுப்புவேன். இல்லேன்னா நேரில் வந்து தலையை எண்ணுவேன். எந்தப் பள்ளியில் அதிகமோ அது இருக்கும். மற்றது அதோடு சேரும். எண்ண என்னைக்கு வரலாம்?"

"ஏழாம் தேதி வாங்க சார்" என்றார் குந்துநாதன், யோசிக்காமல்.

யோசிக்காமல் என்று யேசுதாஸ் நினைத்துக்கொண்டார்.

இன்றைக்குத்தான் ஏழாம் தேதி.

*

காலை ஒன்பது மணிக்குப் பள்ளிக்குக் கிளம்பிய மனோன்மணி, தெருவில் இறங்கியதும் அப்படியே நின்றாள்.

தெரு துடைத்துவிட்டது போல் இருந்தது. தினமும் இந்த நேரத்தில் பாவடித் தெருவில் நடக்கவே முடியாது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பட்டு நூலை நீளமாக இழுத்துக் கட்டிப் பாவு ஓட்டிக்கொண்டிருப்பார்கள். குனிந்து, ஒதுங்கி, "டீச்சரம்மா, பாத்துப் போங்க" என்பதைக் கேட்டுக்கொண்டேதான் போகவேண்டும். இன்றைக்கு ஒரு இழை இல்லை. தறிச் சத்தமும் இல்லை. வாசலெல்லாம் கழுவிக் கோலம் போட்டிருந்தது.

அமாவாசை!

அமாவாசையன்று இந்தத் தெருவில் தறியில் உட்காரமாட்டார்கள். மாதத்தில் அந்த ஒரு நாள்தான் தறிக்கு ஓய்வு. தறிக்கு ஓய்வு என்றால் யாருக்குப் பள்ளிக்கூடம்? பையன்களுக்கு. சேலையின் கரைக்கென்று குறுக்கு நூல் ஓட்டும் தனி நாடா உண்டு. அதைத் தள்ள அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார வேண்டும். மற்ற நாளில் பல பையன்கள் பள்ளிக்கு வராததற்கு அதுதான் காரணம். அமாவாசையன்று அத்தனை பேரும் தலைவாரிக்கொண்டு வந்துவிடுவார்கள். பெண்களுக்கோ நேர்மாறு. வீடு கழுவ, தறிக்கட்டை துடைக்க, விரதச் சமையலுக்கு அரைக்க, அம்மாவுக்குக் கை வேண்டும். அன்றைக்குப் பெண்கள் பள்ளியில் பாதி வகுப்பு காலி.

யேசுதாஸுக்கு இது தெரியாது. குந்துநாதனுக்கு நன்றாகத் தெரியும்.

"அடப் பாவி மனுஷா!" என்றாள் மனோன்மணி, வாய்விட்டே. பக்கத்து வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். மனோன்மணிக்குக் கோபமும் வந்தது. கூடவே, இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணியும் இந்த மனுஷனுக்கு இவ்வளவு சாமர்த்தியம் இருப்பது தெரியாமல் போச்சே என்று ஒரு ஆச்சரியமும் வந்தது.

பள்ளியில் உதவி ஆசிரியை ஜெயம்மாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"ஐம்பத்தெட்டுதான் வந்திருக்குது டீச்சர்! கலியனை அனுப்பி ஊடு ஊடா இட்டாரச் சொல்லட்டுமா? ஒரு அரை மணி உட்கார்ந்துட்டுப் போனாப் போதுமே."

கடைநிலை ஊழியர் கலியன் மணியடிக்கிற சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு ஓடத் தயாராக நின்றான்.

"வாணாம்" என்றாள் மனோன்மணி. "இழுத்துக்கினு வந்து உக்கார வெச்சு எண்ணிக் காட்டினா, அப்புறம் நான் எழுதின பதினோரு பக்கத்தை யாரு நம்புவா? வந்தவங்களுக்குப் பாடம் நடத்துங்க. வராதவங்க எந்த ஊட்ல இன்னா செய்யுதுன்னு எனக்குத் தெரியும்."

வாய் இப்படிச் சொன்னதே தவிர, மனசு வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இன்றைக்கு எண்ணிக்கையில் தோற்றால் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பெண்கள் முப்பத்துநாலு பேரும் அடுத்த ஜூனில் ஆண்கள் பள்ளியில் உட்கார வேண்டும். உட்காரமாட்டார்கள். வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். அது அவளுக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரியும்.

பதினோரு மணிக்கு யேசுதாஸ் வந்தார். வகுப்பு வகுப்பாகப் போய் எண்ணினார். இரண்டாம் தரம் எண்ணினார்.

"ஐம்பத்தெட்டு. இதுதான் வழக்கமா?"

"தினம் தொண்ணூறுக்கு மேல வருவாங்க சார். ரிஜிஸ்டர் இருக்குது, பாருங்க."

"ரிஜிஸ்டரில் யார் வேணும்னாலும் எழுதலாம்மா. உங்களைச் சொல்லலை. இன்னைக்கு மட்டும் ஏன் குறைஞ்சது? காய்ச்சல், கீய்ச்சல் ஏதாவது பரவுதா?"

அமாவாசை என்ற ஒரு சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் போதும். அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? 'அப்படியானால் உங்கள் வீட்டுக்காரர் ஏன் இந்தத் தேதியைச் சொன்னார்?' இருபத்தாறு வருஷ சர்வீஸில் ஒரு கறுப்புப் புள்ளி இல்லாத மனுஷர். அவரை ஒரு ஆய்வாளர் முன்னால் தன் வாயாலேயே பொய்யர் ஆக்குவதா? முப்பத்துநாலு பெண்களின் முகமும் கண்ணுக்குள் வந்தது.

"காய்ச்சல் எதுவும் இல்லீங்க. இன்னிக்குக் கொறஞ்சுபோச்சு" என்றாள்.

யேசுதாஸ் எழுதிக்கொண்டார். போகும்போது, "எனக்கே வருத்தமா இருக்கும்மா" என்றார்.

ஜெயம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மனோன்மணி நேரே எட்டாம் வகுப்புக்குள் போய், வந்திருந்த ஆறு பெண்களுக்குப் பின்னக் கணக்கு நடத்த ஆரம்பித்தாள்.

*

தெருவின் மறுகோடியில் திருவிழா.

நூற்று இருபத்தொன்பது பையன்கள்! தினமும் காலியாகக் கிடக்கும் பெஞ்செல்லாம் நிரம்பியிருந்தது. விரதச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவர்கள் திரும்பாமல் போய்விடக்கூடாதே என்று, மத்தியானம் சுண்டல் உண்டு என்று காலையிலேயே சொல்லிவைத்திருந்தார் குந்துநாதன். சுண்டல் வெந்துகொண்டிருந்த வாசனை அவர் அறை வரைக்கும் வந்தது.

மூத்த உதவி ஆசிரியர் பஞ்சாட்சரம் சிரித்த முகத்தோடு எட்டிப் பார்த்தார். "அங்க ஐம்பத்தெட்டாம் சார்! இனிமே யாரு கேக்க முடியும்? பொம்பள கையில நாம லீவு லெட்டர் நீட்டிக்கினு நிக்கணும்னு பார்த்தாங்க. நடக்குமா?"

"அவ உம்ம தலைமையாசிரியர் பெண்டாட்டி, ஞாபகம் இருக்கட்டும்" என்றார் குந்துநாதன்.

"அய்யய்யோ, நான் அம்மாவைச் சொல்லலீங்க" என்று பஞ்சாட்சரம் நழுவினார்.

ஜெயித்த மனுஷருக்கு எரிச்சல் வருவானேன்? அவருக்கே புரியவில்லை. ஐம்பத்தெட்டு என்று கேட்டதும் முதலில் ஜில்லென்று இருந்தது. பிறகு அந்த ஐம்பத்தெட்டை வைத்துக்கொண்டு மனோ எப்படி நின்றிருப்பாள் என்று தோன்றியது. அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை. யோசிக்க இஷ்டமில்லை.

அப்போதுதான் வடிவு வந்தாள். நெசவுக்காரர் வீட்டுப் பெண்பிள்ளை. ஈரத் தலையை முடிந்துகொண்டு, நெற்றியில் குங்குமமும் கையில் தேங்காய் மூடியுமாகக் கோயிலிலிருந்து நேரே வந்திருந்தாள்.

"கும்புடறேன் சார்."

"வாம்மா. உம் பையன் யாரு, எந்த வகுப்பு?"

"எனக்குப் பையன் ஏது சார்? மூணும் பொண்ணு. பெரியவ காந்தா டீச்சரம்மாகிட்ட ஏழாவது படிக்குது. அது பேரை எடுத்துக் குடுங்கன்னா டீச்சரம்மா மாட்டேன்னுது. நேத்து ஒரு மணி நேரம் எனக்கே பாடம் நடத்தி அனுப்பிட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

"ஏம்மா நிறுத்தற? படிக்கலியா?"

"படிக்காம இன்னா சார்! எங்க ஊட்ல கடுதாசி வந்தா அதுதான் படிச்சுச் சொல்லுது. அவங்கப்பாரு சேலையில புட்டா போடறப்ப அந்தப் பூ எண்ணிக்கையைக் கூடத் தப்பாம சொல்லுது. ஆனா ரெண்டு பள்ளிக்கூடமும் ஒண்ணாவுதுன்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு இருக்குது. இன்னிக்கோ நாளைக்கோ வயசுக்கு வரப்போற பொண்ணு. மீசை மொளைச்ச பசங்க நடுவுல அனுப்புனா எங்க ஊட்டுக்காரரு என்னை ஊட்ல வெச்சிருப்பாரா?"

"ஒண்ணாகிறதுன்னு இன்னும் முடிவாகலியே?"

"ஆயிடுச்சாமே சார்! பஞ்சாட்சரம் சார் சொல்லிக்கினே போனாரு. அமாவாசையாப் பார்த்து எண்ண வெச்சு நீங்க ஜெயிச்சுட்டீங்களாமே. கெட்டிக்காரரு சார் நீங்க!" வடிவு மனதாரச் சொன்னாள்; அதில் குத்தல் ஒன்றும் இல்லை. "எங்க வரிசையில ஆறு ஊட்ல பொண்ணை நிறுத்திடலாம்னு முடிவு பண்ணிட்டோம். சின்னப் பசங்களோட சேர்த்துப் போட்டாங்கன்னா கூடப் பரவாயில்ல, அக்கா கையைப் புடிச்சிக்கினு தம்பி போவான். பெரிய பசங்களோட வாணாம் சார்."

"நான் டீச்சரம்மாகிட்ட பேசறேன். போய்ட்டு வா" என்றார் குந்துநாதன்.

ஆறு நாளாகப் பேசாத மனுஷர் என்ன பேசப் போகிறார் என்று வடிவுக்குத் தெரியாது. கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்திக்கொண்டார். மேஜை இழுப்பறையைத் திறந்தார். அந்தப் பதினோரு பக்கம் அங்கேதான் கிடந்தது. அவர் அதை முழுக்கப் படிக்கவே இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இரண்டாம் பக்கத்தில் 'ஆண்கள் பள்ளி மூன்று வகுப்புகளுடன் இயங்கும்' என்ற வரியைப் பார்த்ததும் மடித்து உள்ளே போட்டவர்தான். பிள்ளைகளின் விடைத்தாளை இப்படித் திருத்தியிருந்தால் அவரே அந்த வாத்தியாரைச் சும்மா விட்டிருக்கமாட்டார்.

நாலாம் பக்கத்தில் மனோன்மணியின் குண்டு குண்டான எழுத்து: 'ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பெண்கள் 34. பெரிய பையன்களோடு சேர்த்தால் தொடர்ந்து அனுப்புவீர்களா என்று 34 வீட்டிலும் கேட்டேன். அனுப்புவோம் என்றவர்கள் 5.'

அந்த ஐந்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார். சுண்டல் தயார் என்று யாரோ கதவைத் தட்டினார்கள். அவருக்குக் கேட்கவில்லை. ஒன்பதாம் பக்கத்துக்கு வந்தபோது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். என்ன இருந்தது அதில்? கொஞ்சம் பொறுங்கள். மனோன்மணி பார்க்கும்போது நாமும் பார்க்கலாம்.

*

இரண்டரை மணிக்கு யேசுதாஸ் எண்ணி முடித்தார்.

"நூற்று இருபத்தொன்பது! பிரமாதம் ஸார்!" என்று பேனாவைத் திறந்தார்.

"சார், அந்த நம்பரை எழுதாதீங்க."

"ஏன்?"

"இன்னிக்கு அமாவாசை."

"அமாவாசைக்கும் அட்டெண்டன்ஸுக்கும் என்ன ஸார் சம்பந்தம்?"

"இந்தத் தெருவுல இருக்குது சார்." குந்துநாதன் எழுந்து நின்றுகொண்டே, தறி ஓய்வையும் பையன்கள் வருவதையும் பெண்கள் நின்றுவிடுவதையும் சொன்னார். "நாளைக்கு வந்து எண்ணுங்க. இங்க எண்பத்தஞ்சு இருக்கும். அங்க தொண்ணூத்தஞ்சு இருக்கும்."

யேசுதாஸ் பேனாவை மூடினார். "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

வாசற்படியில் பஞ்சாட்சரம் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு ஆசிரியர்கள். வேறு ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்ள இடம் இருந்தது.

"தெரிஞ்சுதான் இந்தத் தேதியைச் சொன்னேன்" என்றார் குந்துநாதன். "தப்பு."

"உங்க மிஸஸுக்கும் தெரியுமா?"

"பத்தொம்பது வருஷமா இதே தெருவுல பாடம் நடத்தறா. தெரியாமலா இருக்கும்?"

"ஆனா காலையில் நான் நேருக்கு நேராக் கேட்டேனே ஸார். ஒரு வார்த்தை சொல்லலையே அவங்க!"

குந்துநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டித் தலைப்பால் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்தார். பிறகு இழுப்பறையிலிருந்து அந்தத் திட்டத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து அங்கேயும் ஏதோ எழுதினார்.

யேசுதாஸ் அந்த ஒன்பதாம் பக்கத்தைப் படித்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "யோசிச்சுத்தான் எழுதினீங்களா?"

"இந்தத் தடவை யோசிச்சுத்தான் சார்."

யேசுதாஸ் தன்னிடமிருந்த பிரதியையும் நீட்டி, அதிலும் அதேபோல எழுதி வாங்கிக்கொண்டார். வாசற்படியில் நின்ற பஞ்சாட்சரத்தைக் காணோம். அவர் சைக்கிள் கிறீச்சென்று திரும்பி, நகராட்சி சேர்மன் வீட்டுப் பக்கம் போவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

*

அந்த வீட்டில் சாயங்காலச் சாப்பாடு ஐந்தரைக்கு. சமணக் குடும்பம், பொழுது சாய்ந்தபிறகு ஒரு வாய் சாப்பிடமாட்டார்கள். எத்தனை சண்டை வந்தாலும், யாருக்கு எத்தனை வேலை இருந்தாலும், சூரியன் இறங்குவதற்குள் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தாக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. இந்த ஆறு நாளும் பேசாமல் சாப்பிட்டார்களே தவிர, தனித்தனியாகச் சாப்பிடவில்லை.

குந்துநாதன் வந்தார். கைகால் கழுவினார். மடித்து எடுத்து வந்த காகிதக் கட்டை மனோன்மணியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மதனவதி வழக்கப்படி வாயைத் திறந்தாள்.

"நீ சும்மா இரு" என்றார் அப்பா. "மனோ, பிரிச்சுப் பாரு."

ஆறு நாளைக்குப் பிறகு அவர் வாயில் தன் பெயர். மனோன்மணி கரண்டியைக் கீழே வைத்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். கையெழுத்து இருந்தது. தேதியும் இருந்தது.

"எண்ணிக்கை?"

"நாளைக்கு வந்து மறுபடி எண்ணுவாரு. அமாவாசை விஷயத்தைச் சொல்லிட்டேன்."

"நீங்களே சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். நீ சொல்லலைன்னு அதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது."

மனோன்மணிக்குக் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டிவிட்டது. மறைக்கவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "நானும் உங்களுக்குக் காட்டிட்டுத்தான் குடுத்திருக்கணும். எம் மேலயும் தப்பு" என்றாள்.

"தப்புதான்" என்றார் குந்துநாதன் தாராளமாக. "ஒம்போதாம் பக்கம் பாரு."

ஒன்பதாம் பக்கத்தில் அவள் எழுதியிருந்தது இதுதான்: 'மாகறல் சாலைக் குடியிருப்பில் பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் 63. நூல் வைக்கும் கொட்டகையைத் தர ஒப்புக்கொள்கிறார்கள். ஒரு துடிப்பான இளம் ஆசிரியரை டெபுடேஷனில் அனுப்பினால் உடனே பள்ளி தொடங்கலாம்.'

அதில் 'இளம்' என்ற சொல் மட்டும் அழுத்தமாக அடிக்கப்பட்டிருந்தது. 'துடிப்பான' அப்படியே இருந்தது. பக்கத்தில், 'அ. குந்துநாதன்' என்று எழுதியிருந்தது.

மதனவதி எட்டிப் பார்த்துவிட்டுக் களுக்கென்று சிரித்தாள். "துடிப்பு மட்டும் வேணுமாப்பா?"

"நாப்பத்தொம்போது ஒரு வயசா?" என்றார் அவர். "மூணு வகுப்புக்கு நான் எதுக்கும்மா? பஞ்சாட்சரம் போதும். நம்ம தெருப் பிள்ளைங்க அறுபத்து மூணு பேரு அங்க ஏரியில விளையாடிக்கினு இருக்குது. பிள்ளைங்க எங்க போச்சோ அங்கதான வாத்தியார் போவணும்? உங்கம்மா எழுதி வெச்சிருக்கா. நான் எம் பேரை எழுதினேன். அவ்வளவுதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலா?" என்று மனோன்மணி கேட்டுவிட்டு, கேட்ட வேகத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

குந்துநாதன் சிரித்தார். ஆறு நாள் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தார்.

அவளும் சிரித்தாள். ஆனால் சட்டென்று அந்தச் சிரிப்பு நின்றது. "பஸ் எத்தனை மணிக்கு?"

"காலையில எட்டே காலுக்கு."

"அதைக் கேக்கல. சாயங்காலம் அங்கேயிருந்து?"

குந்துநாதன் ரசச் சோற்றைப் பிசைந்தார். "நாலு மணிக்கு ஒண்ணு. அதை விட்டா ஆறு."

பள்ளிக்கூடம் விடுவது நாலு இருபதுக்கு. ஆறு மணி பஸ்ஸில் ஏறினால் வீடு வந்து சேர ஏழாகும். தை மாதம் ஆறுக்கே இருட்டிவிடும். கொட்டகையில் தனியாக உட்கார்ந்து, காலையில் கட்டிக்கொடுத்த சோற்றை ஐந்தரைக்குச் சாப்பிடவேண்டும் அவர். இங்கே இவள் அவர் இல்லாமல் சாப்பிட வேண்டும். எழுபத்தேழாம் வருஷம் வரைக்கும் எண்ணிய மனோன்மணி இதை எண்ணவில்லை.

இடது கையால் மதனவதியின் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினாள்.

"அம்மா, அது என் ரெக்கார்டு நோட்டுத் தாள்!"

"வேற வாங்கிக்கலாம். பேனாவைக் குடு."

தாளின் தலையில் பன்னிரண்டு என்று எண் போட்டு, கணவன் பக்கம் தள்ளினாள்.

"இன்னாது இது? ஒண்ணும் எழுதலியே?"

"நாலு மணி பஸ்ஸை நாலரைக்கு மாத்தணும்னு பஸ்காரருக்கு ஒரு மனு. குடியிருப்பு ஜனங்க அத்தனை பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கிடுவேன். சாயங்காலம் கோயிலுக்குப் போறவங்களுக்கும் அதுதான் சௌகரியம். எழுதறதுக்கு முன்னாடியே உங்களுக்குக் காட்டறேன். பார்த்துக்குங்க."

குந்துநாதன் அந்த வெற்றுத் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்குது" என்றார்.

வாசலில் யாரோ ஓடி வருகிற சத்தம். கலியன் மூச்சு வாங்க நின்றான்.

"அம்மா, சேர்மன் ஊட்லேர்ந்து ஆளு வந்து நிக்கிறாரு. ஐயாவையும் உங்களையும் உடனே கூப்புடறாராம். திட்டக் காயிதத்தையும் எடுத்துக்கினு வரணுமாம். பஞ்சாட்சரம் சாரும் இன்னும் நாலஞ்சு வாத்தியாருங்களும் அங்கதான் கீறாங்க. பெருசா பேச்சு நடக்குது."

மதனவதி பயந்துபோய் அப்பாவைப் பார்த்தாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். மனோன்மணி ஜன்னல் பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்தாள். எதிர்வீட்டு மாடிக்கு மேலே இன்னும் கொஞ்சம் வெயில் இருந்தது.

"இன்னும் கால் மணி இருக்குது" என்று கணவன் தட்டில் மோரை ஊற்றினாள். "சாப்பிட்டுட்டு வர்றோம்னு சொல்லு, கலியா. ரெண்டு பேரும் சேர்ந்தே வர்றோம்."

"மோர்ல உப்பு போதுமா?" என்று கணவனையே கேட்டாள்.

"போதும் மனோ" என்றார் அவர்.

மதனவதிக்கு அதற்குமேல் அந்த வீட்டில் வேலை இல்லை. தன் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.